தயிர் உறையவில்லை, சாறு கசக்கிறது, பால் திரிகிறது: வீட்டில் செய்பவற்றில் வரும் கோளாறுகளும் சரிசெய்யும் வழிகளும்

வீட்டில் செய்த ஒன்று சரியாக வராவிட்டால் நம்மில் பலர் இரண்டு தவறுகளில் ஒன்றைச் செய்கிறோம். நன்றாக இருப்பதைக் கெட்டுவிட்டது என்று கொட்டுகிறோம்; இல்லையென்றால் கெட்டுப்போனதை "இருக்கட்டும், வீட்டில் செய்ததுதானே" என்று சாப்பிடுகிறோம். இரண்டையும் பார்த்து நான் வருத்தப்பட்டிருக்கிறேன்.

விற்பனைக்கு வரும் பொருட்களில் பிரியாமல் இருக்கவும் நிறம் மாறாமல் இருக்கவும் பெரும்பாலும் ஏதாவது சேர்த்திருப்பார்கள். நாம் செய்வதில் அது இல்லை. அதனால் பிரியும், நுரைக்கும், கறுக்கும், ஏடு கட்டும். இவற்றில் எது இயல்பு, எது கைத்தவறு, எது ஆபத்து என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. உங்கள் வீட்டில் என்ன கோளாறோ, அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள்.

அதற்கு முன் ஒன்று மட்டும். பஞ்சு போலவோ முடி போலவோ பூஞ்சை பூத்திருந்தால், இளஞ்சிவப்பு, ஆரஞ்சு, கறுப்பு நிறத் திட்டுகள் இருந்தால், அழுகல் நாற்றம் வந்தால், யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். மேலே வழித்து எடுத்துவிட்டுக் கீழே இருப்பதைச் சாப்பிடலாம் என்ற கணக்கு வேண்டாம். பூஞ்சையின் வேர் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே இறங்கியிருக்கும். சந்தேகமானதை ருசி பார்த்து முடிவு செய்வதும் வேண்டாம்.

தயிர் உறையவே இல்லை

காலையில் மூடியைத் திறந்தால் ராத்திரி வைத்த பால் அப்படியே பாலாகவே இருக்கிறது. பத்தில் எட்டு முறை இதற்குக் காரணம் சூடுதான்.

தயிரை உறைய வைக்கும் பாக்டீரியாவுக்குப் பிடித்த சூடு 40 முதல் 45 டிகிரி செல்சியஸ். 50 டிகிரியைத் தாண்டிய பாலில் உறை ஊற்றினால் அது செயலிழக்கத் தொடங்கும். நன்றாக ஆறிப்போன பாலில் ஊற்றினால் சாகாது, ஆனால் வேலை செய்யச் சோம்பல்படும். வெப்பமானி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் சுத்தமாகக் கழுவிய சுண்டுவிரலைப் பாலில் விட்டுப் பத்து எண்ணுங்கள். சூடு தெரிய வேண்டும், ஆனால் விரலை எடுக்கத் தோன்றக்கூடாது. மூன்று எண்ணுவதற்குள் விரல் தானாக வெளியே வந்தால் பால் இன்னும் ஆற வேண்டும். ஒன்றுமே தெரியவில்லை என்றால் ஆறிவிட்டது. அடுப்பில் கொஞ்சம் காட்டுங்கள்.

அடுத்தது உறை. இரண்டு வாரமாக ஃபிரிட்ஜில் கிடந்த தயிரில் உயிரோடு இருக்கும் பாக்டீரியா குறைவு. மூன்று நான்கு நாட்களுக்குள் உறைந்த தயிராக இருக்கட்டும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் அப்படியே போடாமல், இரண்டு கரண்டி வெதுவெதுப்பான பாலில் கட்டியில்லாமல் கரைத்து, பிறகு முழுப் பாலிலும் கலந்துவிடுங்கள்.

இரண்டும் சரியாக இருந்தும் உறையவில்லையா? பாலை மாற்றிப் பாருங்கள். மாட்டுக்குக் கொடுத்த நோய் எதிர்ப்பு மருந்தின் மிச்சம் பாலில் இருந்தால் உறையின் பாக்டீரியா வளராது. பால் பார்வைக்கு நல்ல பாலாகத்தான் இருக்கும்.

சரி, இப்போது அந்தப் பாலை என்ன செய்வது? உறை ஊற்றி நான்கு மணி நேரத்துக்குள் கவனித்துவிட்டால் காப்பாற்றலாம். பாத்திரத்தை 45 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் இறக்கி வைத்து, புதிதாக ஒரு தேக்கரண்டி உறை கலந்து, அசைக்காமல் விடுங்கள். ராத்திரி முழுக்க வெதுவெதுப்பில் கிடந்தும் புளிப்பு வாசனையே எட்டிப்பார்க்கவில்லை என்றால் அதைக் கொட்டத்தான் வேண்டும். புளிப்பு ஏறாத பாலில் அத்தனை நேரம் வேறு எது வளர்ந்தது என்று நமக்குத் தெரியாது.

உறைந்தது, ஆனால் கெட்டியாக இல்லை

இதற்கான பதில் உறை ஊற்றுவதற்கு முன்பே இருக்கிறது: பாலை எவ்வளவு நேரம் காய்ச்சினீர்கள்? பொங்கி வந்ததும் இறக்கிவிட்டால் போதாது. 85 டிகிரிக்கு மேல் 15, 20 நிமிடம் சிறு தீயில் வைத்துக் கிளற வேண்டும். பாலின் தெளிநீரில் கரைந்திருக்கும் புரதம் அந்தச் சூட்டில் விரிந்து, தயிரைக் கட்டும் கேசின் புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. அப்படி ஒட்டியதால் வரும் வலைதான் தண்ணீரைப் பிடித்து வைக்கிறது. காய்ச்சும்போது கொஞ்சம் சுண்டுவதும் கூடுதல் லாபம்.

கொழுப்பு நீக்கிய பாலில் செய்தால் ஒரு லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி பால்பவுடர் கலந்து காய்ச்சுங்கள். உறையும்போது பாத்திரத்தை எடுத்துச் சாய்த்துப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். பாதி கட்டிய வலை உடைந்தால் மறுபடி ஒட்டாது. கரண்டியால் வெட்டி எடுத்த இடத்தில் மட்டும் தண்ணீர் ஊறுகிறது என்றால் அது கோளாறே இல்லை. அந்தத் தண்ணீரைக் கலந்து சாப்பிடுங்கள், கொட்ட வேண்டாம்.

நேற்றைய தயிர் ஏற்கெனவே தளர்வாக இருந்தால் அதை ஒரு மெல்லிய துணியில் கட்டி, ஃபிரிட்ஜுக்குள்ளேயே இரண்டு மணி நேரம் தொங்கவிடுங்கள். பிரச்சினை முடிந்தது.

தயிர் நூலாக இழுக்கிறது

ஒரு குளிர்கால வாரம் முழுக்க என் வீட்டில் இதுதான் நடந்தது. கரண்டியைத் தூக்கினால் தயிர் விழாது. தேன் ஒழுகுவது போல ஒரு கயிறாக இறங்கும், கயிற்றின் நுனி அறுபடாமல் திரும்பக் கரண்டிக்கே ஏறிக்கொள்ளும். வாசனை சரி, புளிப்பும் சரி. வாயில் வைத்தால் மட்டும் வழுவழுவென்று இறங்கியது. பாலை மாற்றினேன். பாத்திரத்தை மாற்றினேன். மறுநாளும் அதே கயிறு.

மாற்றாமல் விட்டது உறையைத்தான். ஒவ்வொரு நாளும் முந்தைய நாள் தயிரிலிருந்தே ஒரு கரண்டி எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். சில வகை லாக்டிக் பாக்டீரியா தன்னைச் சுற்றிப் பசை போன்ற சர்க்கரை இழையை உருவாக்கும். சூடு குறைந்த இடத்தில் உறைந்தால், தயிரின் வழக்கமான பாக்டீரியா மெதுவாகி, இந்த இழைக்காரர்கள் முந்திக்கொள்வார்கள். அடுத்த நாள் அவர்களையே உறையாகப் போட்டால் வேறு எப்படி வரும்?

தீர்வு எளிது. பழைய உறையை முழுக்க விட்டுவிட்டு வேறொரு இடத்திலிருந்து நல்ல தயிர் வாங்கிக்கொள்ளுங்கள். பாத்திரம், கரண்டி, உறை எடுத்து வைக்கும் சின்ன டப்பா எல்லாவற்றையும் கொதிநீரில் போட்டெடுங்கள். டப்பா மூடியின் ரப்பர் வளையத்தைக் கழற்றிக் கழுவுங்கள். அந்த இடுக்கை யாரும் பார்ப்பதில்லை. பாத்திரத்தைக் கனமான துணியில் சுற்றி, சூடு இறங்காத இடத்தில் வையுங்கள்.

நூல் விட்ட தயிர் நிறமும் வாசனையும் மாறாமல் இருந்தால் பயப்பட வேண்டாம், மோராகக் கடைந்தால் இழை அறுந்துவிடும். உள்ளே காற்றுக் குமிழ்கள் இருந்தாலோ ஈஸ்ட் வாசனை வந்தாலோ அது வேறு கதை, கொட்டிவிடுங்கள்.

தயிர் ஒரே நாளில் புளிக்கிறது, மணல் மணலாக இருக்கிறது

உறை அதிகம். கெட்டியாக வரும் என்று அரைக் கிண்ணம் போடுபவர்கள் உண்டு; அதிகம் போட்டால் புளிப்பு வேகமாக ஏறி, புரதம் சுருண்டு, திப்பி தட்டும். ஒரு லிட்டருக்கு ஒன்று அல்லது இரண்டு மேசைக்கரண்டி போதும். உறைந்ததும் வெளியே விட்டு வைக்காமல் உடனே ஃபிரிட்ஜுக்கு.

பன்னீருக்கு எலுமிச்சை பிழிந்தும் பால் திரியவில்லை

பால் கொதிநிலைக்குக் கொஞ்சம் கீழே இருக்கும்போது, ஒரு லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி சாறு வைத்துக்கொண்டு, சிறிது சிறிதாக ஊற்றிக் கிளறுங்கள். தெளிநீர் வெளுப்பாக இருக்கும்வரை இன்னும் திரிய வேண்டியது இருக்கிறது. இளம்பச்சை கலந்த மஞ்சளாகத் தெளிந்தால் போதும். அந்த நிறம் ரிபோஃப்ளேவின் என்ற வைட்டமினால் வருவது. மாதக்கணக்கில் கெடாமல் வைத்திருக்கும் அதிவெப்பப் பதப்பாலில் என்ன செய்தாலும் பொடிப்பொடியாகத்தான் வரும். ரப்பர் மாதிரி இழுத்தால், திரிந்த பிறகும் அடுப்பிலேயே விட்டிருப்பீர்கள்.

இஞ்சி போட்டதும் பால் திரிந்துவிட்டது. பழம் சேர்த்த பால் கசக்கிறது

பால் பழசு என்று நினைத்துக் கொட்டிவிடுவார்கள். பெரும்பாலும் பால் மீது தவறில்லை.

பச்சை இஞ்சியில் புரதத்தை வெட்டும் நொதி ஒன்று இருக்கிறது. வெதுவெதுப்பான பாலில் துருவிய இஞ்சியைப் போட்டால் அது பாலின் புரதத்தை வெட்டி, பாலைக் கட்டியாக்கிவிடும். அதையே வேண்டுமென்று செய்து இனிப்பாகச் சாப்பிடுபவர்களும் உலகில் உண்டு. உங்களுக்குத் திரியக்கூடாது என்றால் இஞ்சியைத் தட்டி முதலில் தண்ணீரில் போடுங்கள். தளதளவென்று மூன்று நான்கு நிமிடம் கொதித்து, அந்தக் காரமான ஆவி முகத்தில் அடிக்கட்டும். கொதியில் நொதி செயலிழந்துவிடும். அப்புறம் பாலை ஊற்றுங்கள். வரிசையை மாற்றினால் போதும், வேறெதுவும் மாற வேண்டாம்.

அன்னாசி, பப்பாளி, கிவி மூன்றிலும் இதே வகை நொதிகள் உண்டு. இவற்றைப் பாலோடு அடித்துக் கால் மணி நேரம் வைத்தாலே கசப்பு தலைகாட்டும், ஏனென்றால் வெட்டுப்பட்ட பால் புரதத் துண்டுகள் கசக்கும். அடித்த உடனே குடித்துவிடுங்கள். அல்லது பழத்தை ஐந்து நிமிடம் வேகவைத்து ஆறவிட்டுச் சேருங்கள். ஃபிரிட்ஜில் வைத்து மாலையில் கொடுக்க வேண்டும் என்றால் வாழைப்பழமோ மாம்பழமோ எடுத்துக்கொள்வது நல்லது.

எலுமிச்சைச் சாறு பிழிந்த அரை மணியில் கசக்கிறது

விதை நசுங்கியது, தோலின் வெள்ளைப் பகுதி பிழிபட்டது, இரண்டும் காரணம். அவற்றில் இருக்கும் கசப்பில்லாத ஒரு பொருள் சாற்றின் புளிப்பில் மெதுவாக லிமோனின் என்ற கசப்புப் பொருளாக மாறுகிறது. பிழிந்ததும் நன்றாக இருந்து, நேரம் போகப்போகக் கசப்பது இதனால்தான். பழத்தைக் கடைசிச் சொட்டு வரை முறுக்காதீர்கள், உடனே வடிகட்டுங்கள், மிக்ஸியில் தோலோடு அடிக்காதீர்கள். ஏற்கெனவே கசந்துவிட்டதென்றால் சர்க்கரையைக் கூட்டும் முன் ஒரு சிட்டிகை உப்பு போட்டுப் பாருங்கள். கசப்பை நாக்குக்குத் தெரியாமல் அடக்குவதில் உப்புக்குச் சர்க்கரையைவிடக் கை அதிகம்.

ஆப்பிள் சாறு பழுப்பாவது வேறு விஷயம், காற்று பட்டதால் வரும் நிறம். அடிக்கும்போதே எலுமிச்சை சேர்த்தால் மட்டுப்படும். பழுப்பு நிறத்தில் இருந்தாலும் குடிக்கலாம்.

பாதாம் பால் அடியில் தங்குகிறது, காபியில் ஊற்றினால் திரிகிறது

அடியில் தங்குவது இயல்பு, ஏனென்றால் சேர்த்துக் கட்டிவைக்கும் பொருள் எதையும் நாம் போடவில்லை. குலுக்கிக் குடியுங்கள். நறநறவென்றிருந்தால் ஊறியது போதவில்லை: 8 மணி நேரம் ஊறவைத்து, தோல் உரித்து, ஒரு கிண்ணத்துக்கு மூன்று கிண்ணம் தண்ணீர் விட்டு அரைத்து, துணியில் வடிகட்டுங்கள். காபியில் திரிவதற்குக் காபியின் புளிப்பும் சூடும் காரணம். பாலை முதலில் கோப்பையில் வெதுவெதுப்பாக்கி, காபியை அதன் மேல் மெல்ல ஊற்றுங்கள். ஃபிரிட்ஜில் மூன்று நாள். புளிப்பு வாசனை வந்தால் அது தயிர் ஆகவில்லை, ஊசிப்போய்விட்டது.

கடலை வெண்ணெய் பொடியாகவே நிற்கிறது, அல்லது திடீரென்று இறுகிவிட்டது

பொடியாக நின்றால் பொறுமை வேண்டும். வறுத்த கடலை இளஞ்சூடாக இருக்கும்போதே அரையுங்கள். பொடி, பிறகு உருண்டை, பிறகு பளபளப்பான கூழ் என்று தானாக மாறும். மிக்ஸி சூடேறினால் நிறுத்தி நிறுத்தி ஓட்டுங்கள். இறுகுவதற்குக் காரணம் ஈரம். ஒரு தேக்கரண்டி தண்ணீரோ தேனோ விட்டாலே களிமண் மாதிரி கட்டிக்கொள்ளும். தண்ணீர் ஊற்றித் தளர்த்த முயற்சி செய்யாதீர்கள், எண்ணெய் விடுங்கள். எண்ணெய் மேலே மிதப்பது தவறில்லை. பாட்டிலைத் தலைகீழாக வைத்தால் கலக்குவது சுலபம். காறல் வாடை வந்தால் மட்டும் தூர எறியுங்கள்.

முளைகட்டிய பயறு நாறுகிறது, வழவழக்கிறது

ஊறிய தண்ணீர் முழுதாக வடியவில்லை. பயறு ஈரமாக இருக்கலாம், தண்ணீரில் நிற்கக்கூடாது. 8 முதல் 12 மணி நேரம் ஊறியதும் ஒட்ட வடித்து, காற்றுப் போகும் துணியிலோ சல்லடையிலோ பரப்பி, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை அலசி வடியுங்கள். நாறிய பயறை அலசிச் சமைத்துக் காப்பாற்ற வேண்டாம்.

முளைக்கவே இல்லையென்றால் விதை பழசு, அல்லது தண்ணீர் மிகச் சூடாக இருந்திருக்கும். உடைத்த பருப்பு எத்தனை நாள் வைத்தாலும் முளைக்காது. வேரில் வெள்ளைப் பஞ்சு தெரிந்தால் அலசிப் பாருங்கள். அலசியதும் படிந்து மறைந்தால் அது வேர்த்தூவி. பயறுக்குப் பயறு வலை பின்னி ஒட்டியிருந்தால் பூஞ்சை.

இன்னொன்றை நான் அழுத்தியே சொல்வேன். முளை வளரும் அதே ஈரச் சூட்டில் சால்மோனெல்லா, ஈ.கோலை போன்ற நோய் தரும் பாக்டீரியாவும் வளரும், விதையிலேயே ஒட்டிக்கொண்டு வரும் என்பதால் நம் கை சுத்தம் மட்டும் போதாது. 2011-இல் ஜெர்மனியில் ஈ.கோலை பரவி 50 பேருக்கு மேல் இறந்தார்கள். விசாரணை கடைசியில் வெந்தய முளைகளில் போய் நின்றது. கர்ப்பிணிகள், குழந்தைகள், முதியவர்கள், நோயிலிருந்து எழுந்தவர்கள் முளைப்பயறை வேகவைத்துத்தான் சாப்பிட வேண்டும். சிவப்பு ராஜ்மாவை யாருமே பச்சையாகச் சாப்பிடக்கூடாது. அதிலிருக்கும் லெக்டின் என்ற புரதம் கடும் வாந்தியைக் கொண்டுவரும். ஊறிய தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் 30 நிமிடம் தளதளவென்று கொதிக்கவிடுங்கள்.

உப்பில் ஊறும் காய்: வெள்ளை ஏடு, கலங்கிய நீர், நீலப் பூண்டு

எண்ணெய் இல்லாமல், உப்பில் மட்டும் முட்டைக்கோஸையோ கேரட்டையோ புளிக்கவைப்பவர்கள் அதிகம் பயப்படுவது இங்கேதான். பயப்படும் பலவற்றில் ஒன்றுமில்லை.

நீர் கலங்குவது நல்ல செய்தி. பாக்டீரியா பெருகிப் புளிப்பு ஏறுகிறது என்று அர்த்தம். மேலே தட்டையாக, சுருக்கம் விழுந்த வெள்ளை ஏடு படர்ந்தால் அது ஒரு வகை ஈஸ்ட். வழித்து எடுத்துவிட்டு, காய் நீருக்குள் மூழ்கும்படி ஒரு கனமான கண்ணாடித் தட்டை வையுங்கள். ஏடு உயர்ந்து பஞ்சாக நின்றாலோ, பச்சை, கறுப்பு, சிவப்பு எட்டிப்பார்த்தாலோ ஜாடி முழுவதும் குப்பைக்கு.

பூண்டு நீலமாகவோ பச்சையாகவோ மாறுவதைப் பார்த்து ஒரு முழு ஜாடியைக் கொட்டியவர்களைத் தெரியும். மனசு கேட்கவில்லை. பூண்டின் கந்தகச் சேர்மங்கள் புளிப்போடு சேர்ந்து உண்டாக்கும் நிறம் அது. தாராளமாகச் சாப்பிடலாம்.

காய் குழைந்துவிட்டால் உப்பையும் வீட்டின் சூட்டையும் பாருங்கள். ஒரு கிலோ காய்க்கு 20 முதல் 25 கிராம் உப்பு. கரண்டிக் கணக்கை நம்பாதீர்கள், கல்லுப்பும் பொடியுப்பும் ஒரே கரண்டியில் ஒரே எடை வராது, தராசில் போடுங்கள். 18 முதல் 22 டிகிரி இருந்தால் மெதுவாக, மொறுமொறுப்பு குறையாமல் புளிக்கும். அதைவிடச் சூடான வீட்டில் இரண்டாம் நாளே ருசி பார்த்து, பிடித்த புளிப்பு வந்ததும் ஃபிரிட்ஜுக்கு மாற்றுங்கள். வெள்ளரிக்காயில் பூ இருந்த முனையை ஒரு சீவு சீவிவிட வேண்டும், காயைக் குழைக்கும் நொதி அங்கேதான் தங்குகிறது.

எண்ணெயில் போட்ட பூண்டு பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது

இதுதான் இந்தக் குறிப்பில் அறிகுறியே காட்டாத கோளாறு. பச்சைப் பூண்டை எண்ணெயில் மூழ்கவைத்து வெளியே வைத்தால், காற்றில்லாத, புளிப்பில்லாத அந்த இடத்தில் பொட்டுலிசம் நஞ்சை உண்டாக்கும் பாக்டீரியா வளரலாம். நிறம் மாறாது, நாற்றமும் தெரியாது. செய்தால் சிறிதளவு செய்து, ஃபிரிட்ஜில் வைத்து, 4 நாட்களுக்குள் தீர்த்துவிடுங்கள். எத்தனை நாள் ஆயிற்று என்று மறந்துவிட்டதென்றால் கொட்டிவிடுங்கள். அதே பாக்டீரியாவின் விதைத்துகள் தேனிலும் இருக்கலாம் என்பதால் ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் ஒரு சொட்டும் கூடாது.

புளிக்கவைத்த இஞ்சிப் பானம் திறந்ததும் பீறிடுகிறது, அல்லது நுரையே இல்லை

நுரை இல்லாவிட்டால் சர்க்கரை தீர்ந்துவிட்டது, அல்லது இடம் குளிர்ச்சி. ஒரு தேக்கரண்டி சர்க்கரை சேர்த்து வெதுவெதுப்பான மூலையில் ஒரு நாள் வையுங்கள். பீறிட்டால் வெளியே அதிக நேரம் இருந்துவிட்டது. கண்ணாடி பாட்டிலில் வாயு ஏறுவது வெளியே தெரியாது; அழுத்தம் தாங்காமல் வெடித்தால் சில்லு தெறிக்கும். அதனால் ஒரே தயாரிப்பில் ஒரு பங்கை மட்டும் பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றிப் பக்கத்தில் வையுங்கள். அதைக் காலையும் மாலையும் அமுக்கிப் பாருங்கள். கட்டைவிரல் அமுங்காத அளவுக்குக் கெட்டியானதும் எல்லாப் பாட்டில்களையும் ஃபிரிட்ஜுக்கு மாற்றி, ஒரு ராத்திரி குளிர்ந்த பிறகே, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே பிடித்து, மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகித் திறங்கள்.